வலசப்பள்ளிக்குப் போகும் வழி

நவோதயா பள்ளியின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வை ஒரு பிள்ளை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். ஐ.ஏ.எஸ். எழுதுகிறவர்களுக்கே பொதுப் பிரிவில் ஆறு வாய்ப்பு உண்டு. பத்து வயசுப் பிள்ளைக்கு ஒன்றுதான். அன்றைக்குக் காய்ச்சல் அடித்தாலும், பக்கத்து பெஞ்சுப் பையன் அழுது கவனம் சிதறினாலும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வழியில்லை. 2024 மே மாதம், மாம்பழ சீசன் நடுவில் என் அக்கா போன் செய்து, "பாப்பாவை நவோதயா எழுத வைக்கலாம்னு டீச்சரம்மா சொல்றாங்கடா, நீ கொஞ்சம் பாரேன்" என்றாள். அன்று ராத்திரி நான் முதலில் தேடிப் படித்தது இந்த விதியைத்தான். படித்ததும் வயிற்றில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது.

நான் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கிறவன். மே முதல் ஜூலை வரை எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் எடைமேடை முன்னால் வரிசை கட்டி நிற்கும். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சாயங்காலங்கள் என் கைக்கு வந்துவிடும். அக்கா வீடு குடிபாலா மண்டலத்தில், வேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு ஊரில். ஸ்கூட்டரில் அரை மணி நேரம். அக்கா வீட்டுக்காரர் கொத்தனார். அக்கா இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறாள். வீட்டில் பேசுவது தமிழ். பாப்பா படித்தது ஊர் மண்டல பரிஷத் பள்ளியில். ஒரு பக்கம் தெலுங்கும் எதிர்ப்பக்கம் இங்கிலீஷுமாக அச்சடித்துக் கொடுக்கிறார்களே, அந்தப் பாடப்புத்தகங்கள்தான் அவளுக்கு. பாட்டி சொல்லும் கதை ஒரு மொழி, பள்ளியில் எழுதுவது ஒரு மொழி, கணக்குப் புத்தகத்தின் வலது பக்கம் இன்னொன்று. எல்லைப்பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கஷ்டம் என்றே நினைப்பதில்லை.

நவோதயா என்றால் என்ன என்று தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் அது கிடையாது. மும்மொழிக் கொள்கை காரணமாக மாநிலம் அதை ஏற்கவில்லை. அந்த வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. புதுச்சேரியில் உண்டு. ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, 1986-ம் வருஷத்து தேசியக் கல்விக் கொள்கையோடு வந்த திட்டம் இது. ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் முதல் இரண்டு பள்ளிகளைத் திறந்தார்கள். இன்றைக்கு நாடு முழுக்க 650-க்கும் மேல். மாவட்டத்துக்கு ஒன்று என்பது கணக்கு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே தங்கிப் படிப்பு. சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் சர்க்கார் செலவு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் 600 ரூபாய் வாங்குகிறார்கள், பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு 80 இடம். அதில் குறைந்தது முக்கால் பங்கு கிராமத்துப் பிள்ளைகளுக்கு, மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளுக்கு.

எங்களுக்கான நவோதயா மதனப்பள்ளி பக்கம் வலசப்பள்ளியில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போய்விட்டது. திருப்பதி தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனால் புது மாவட்டத்தில் புதுப் பள்ளி வராதவரை பழைய எல்லையே செல்லும் என்று நவோதயா விதி சொல்கிறது. ஆகவே குப்பம் மலையடிவாரத்துப் பிள்ளையும், சந்திரகிரிப் பிள்ளையும், குடிபாலாவில் தமிழ் பேசும் எங்கள் பாப்பாவும் அதே 80 இடத்துக்குத்தான் எழுதவேண்டும்.

விதிகளைப் படித்துக்கொண்டே போனபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். கிராமப்புற ஒதுக்கீட்டில் வரவேண்டுமானால் மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளையும் கிராமத்துப் பள்ளியில் முழு வருஷமாகப் படித்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பை நவோதயா இருக்கும் மாவட்டத்தில் படித்திருக்க வேண்டும், அங்கேயே குடியிருக்கவும் வேண்டும். பாப்பாவுக்கு எல்லாம் பொருந்தியது. அவளோடு தினமும் விளையாடும் எதிர்வீட்டுப் பையனுக்குப் பொருந்தவில்லை.

அந்தப் பையனின் வீடு ஆந்திராவில். ரேஷன் கார்டு ஆந்திராவில். ஆனால் அவன் படிப்பது நரஹரிப்பேட்டை செக்போஸ்ட் தாண்டி, காட்பாடி வட்டத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில். அவன் அப்பா காட்பாடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் பையனை வண்டியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார். தாய்மொழியில் நாலெழுத்து படிக்கட்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் என்ன குற்றம்? சித்தூர் 1911-ல் தனி மாவட்டமாகிறவரை இந்தப் பக்கத்து ஊர்கள் வட ஆற்காட்டைச் சேர்ந்தவை. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் புதிதாக வந்து குடியேறியவர்கள் இல்லை. ஆனால் விதி விதிதான். வேலூர் மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்கு வேலூரில் நவோதயா கிடையாது. சித்தூரின் நவோதயாவுக்கு அவன் மனுப் போட முடியாது. அவன் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ எம்புள்ள எந்த ஊருக்காரன்ணா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "அவனும் வந்து உட்காரட்டும், எதற்காவது உதவும்" என்றேன். அப்படித்தான் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தார்கள்.

பாடம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு திருப்பதி போனேன். அங்கே தங்கிப் படிக்கும் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. நவோதயா, சைனிக், குருகுலம் என்று பெரிய பிளக்ஸ் போர்டு. போன வருஷம் தேறிய பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் வரிசையாக. அக்காவின் ஊரில் யாரோ ஒருவர் பிள்ளையை அங்கே சேர்த்திருந்ததால் அவளுக்கும் ஆசை. நாங்கள் பார்த்த இடம் ஒரு வீட்டின் மாடி. ஒரே கூடத்தில் பாயும் பெட்டியும். விடியுமுன் எழுப்பிவிடுவார்களாம். ராத்திரி பத்துவரை டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. ஒரு சின்னப் பையன் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, அக்காவின் புடவையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். வார்டன் கூப்பிட்டதும் திரும்பிப் போய்விட்டான். கட்டணம் அக்கா குடும்பத்தின் ஆறு மாச வருமானத்துக்கு மேல்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அங்கே தங்கி, திருப்பதி நகரத்துப் பள்ளி ஒன்றில் பேரைப் பதிந்து ஐந்தாம் வகுப்பைப் படித்தால் கிராம ஒதுக்கீடு போய்விடும். இதை அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களாகக் கேட்டபோதுதான் இழுத்தார்கள். வெளியே வந்ததும் அக்கா, "வேணாம்டா. பத்து வயசுப் புள்ளைய விட்டுட்டு எனக்குச் சோறு இறங்காது" என்றாள். நவோதயாவே விடுதிதானே என்று நான் வாதாடவில்லை. பதினொன்றில் போவதற்காகப் பத்தையும் கொடுக்கவேண்டியதில்லை என்று எனக்கும் பட்டது. காந்தி ரோட்டுக் கடையில் ஒரு தெலுங்கு கைடும், பழைய வினாத்தாள் தொகுப்பும் வாங்கிக்கொண்டோம். பாப்பாவுக்காக அலிபிரிப் பக்கத்து அறிவியல் மையத்துக்குப் போனோம். அங்கே கண்ணாடிகள் முன்னால் அவள் வெகுநேரம் நின்று, வலது கையைத் தூக்கி, இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கண்ணாடி பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது.

தேர்வு இரண்டு மணி நேரம். 80 கேள்வி, 100 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 40 கேள்வி, எழுத்தே இல்லாத படங்கள். மனத்திறன் என்று பெயர். நாலு படத்தில் சேராத ஒன்று எது, வரிசையில் அடுத்தது எது, கண்ணாடியில் எப்படித் தெரியும், மடித்த காகிதத்தில் துளை போட்டுப் பிரித்தால் எங்கெங்கே துளை இருக்கும், பெரிய உருவத்துக்குள் சின்ன உருவம் எங்கே ஒளிந்திருக்கிறது, இப்படிப் பத்து வகை, வகைக்கு நாலு கேள்வி. மீதியில் 20 கணக்கு, 20 மொழி. தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

கைடு இந்தப் படங்களை விளக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. விதி ஒன்று, விதி இரண்டு என்று மனப்பாடத்துக்குப் போட்டிருந்தார்கள். நான் ஆபீஸிலிருந்து பஞ்சிங் மிஷினைக் கொண்டுபோனேன். பழைய பில் காகிதங்களை நாலாக மடித்து மூலையில் ஒரு துளை போட்டு, பிரிக்குமுன் எங்கெங்கே துளை வரும் என்று ஸ்லேட்டில் புள்ளி வைக்கச் சொன்னேன். பிரித்துப் பார்த்துச் சரிபார்க்கவேண்டியது அவர்கள் வேலை. ஒரு வாரத்தில் அக்கா வீட்டுத் திண்ணை முழுக்க வட்ட வட்டமாகக் காகிதப் பொட்டு. மூலைக்கு மூலை மடிப்பதில் பாப்பா தடுமாறினாள். பையன் தடுமாறவே இல்லை. மடித்ததைக் கையில் வாங்காமல் தூரத்திலிருந்தே பார்த்து, "மூணு இங்க, ஒண்ணு நடுவுல" என்பான். எப்படித் தெரியும் என்று கேட்டால், "மனசுக்குள்ள பிரிச்சேன் மாமா" என்பான். அந்த 40 கேள்விகளும் தேடுவது இந்தத் திறமையைத்தான். அது யாரிடம் அதிகம் இருந்ததோ அந்தப் பிள்ளைக்குத் தேர்வு அறையில் இடம் இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பாப்பாவின் பலம் வேறு. விட்டுப்போன கால்பகுதியை நிரப்பும் படங்கள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காரணம் கோலம். அக்கா மாமியார் மார்கழியில் வாசலை அடைத்துச் சிக்குக்கோலம் போடுகிறவர். இடுக்குப்புள்ளி வைத்து, கோடு எங்கே வளைந்து எங்கே மூடவேண்டும் என்று பேத்திக்கு ஐந்து வயதிலேயே பழக்கிவிட்டார். கைடில் ஒரு படம் வந்தபோது பாப்பா உடனே, "இது ஆயா போடுற தாமரை, இந்த இதழு மட்டும் அழிஞ்சிருக்கு" என்றாள். ஆயா எட்டிப்பார்த்து, "இதுக்கா பரீட்சை வெக்கிறாங்க?" என்று வாயில் கைவைத்தார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவரும் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். கேள்வியின் எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. படம் தெரிந்தது.

கண்ணாடிப் பிம்பத்துக்கு அறிவியல் மையத்தை நினைவூட்டினேன். அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி வைத்து, தெலுங்கு எழுத்து, தமிழ் எழுத்து, கடிகாரம் என்று காட்டினோம். ஒளிந்திருக்கும் உருவங்களுக்கு எண்ணெய்க் காகிதத்தில் சின்னப் படத்தை வரைந்து பெரிய படத்தின் மேல் நகர்த்திப் பார்ப்போம். கொஞ்ச நாளில் காகிதம் இல்லாமலே கண் நகர ஆரம்பித்துவிட்டது. பயிற்சியால் வரும் திறமைதான் இது, சந்தேகமே இல்லை. பணம் கட்டி மாடிக் கூடத்தில் கற்பதையெல்லாம் வீட்டில் இருக்கிற பொருட்களைக் கொண்டே கற்றுவிடலாம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். கூட உட்காரும் ஆள் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கில் எனக்குச் சிரமம் இல்லை. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் டன், குவிண்டால், கழிவு எல்லாம் காதில் விழுந்த சொற்கள்தான். தாமலச்செருவு மண்டியில் ஒரு விலைக்கு வாங்கி, அழுகல் பத்து சதவிகிதம் போக, இன்ன விலைக்கு விற்றால் லாபமா நஷ்டமா என்று கேட்டால் இருவரும் வியாபாரிபோல் பேசுவார்கள். அதையே கைடின் பாஷையில் கேட்டால் பேனாவைக் கடிப்பார்கள். ஆகவே எல்லாக் கணக்கையும் முதலில் ஊருக்குக் கொண்டுவருவேன், பிறகு கைடுக்குத் திருப்பிக் கொண்டுபோவேன். தனிவட்டி மட்டும் வேண்டாத அளவுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அக்கா வீட்டில் வட்டிப் பேச்சு அடிக்கடி நடக்கும்.

மொழிப்பகுதி நாலு சின்னப் பத்திகள், பத்திக்கு ஐந்து கேள்வி. பாப்பா தெலுங்கில் எழுதுவதாக முடிவு செய்தோம். அவளுக்கு வார்த்தை தெரியும், வேகம் இல்லை. டீச்சரம்மா நல்ல மனுஷி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் தன் பக்கத்தில் உட்காரவைத்து தினசரிப் பேப்பரில் ஒரு துணுக்கைப் படிக்கச் சொல்லி, "இதில் யார், எங்கே, ஏன்?" என்று மூன்று கேள்வி கேட்பார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அதற்குத் தனியாகச் சம்பளமும் இல்லை. பாப்பா தேறியதில் பெரிய பங்கு அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்று நான் நம்புகிறேன். பையனுக்கு நான் அதே மாதிரி தமிழ்ப் பேப்பரை எடுத்துப்போவேன்.

விண்ணப்பம் ஜூலையில் திறந்து செப்டம்பரில் மூடினார்கள். கட்டணம் கிடையாது, எல்லாம் ஆன்லைன். தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட சான்று, பிள்ளையின் கையெழுத்து, அப்பா கையெழுத்து, போட்டோ, எல்லாவற்றையும் சொன்ன அளவுக்குள் சுருக்கி ஏற்றவேண்டும். ஆதார் முகவரி மாவட்டத்துக்குள் இருக்கவேண்டும். கொத்தனார் வேலைக்குப் போகிற ஒருவர் இதற்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மீசேவா மையத்தில் வரிசையில் நிற்கவேண்டும். சர்வர் வேலை செய்யவில்லை என்றால் இன்னொரு நாள். பாப்பாவின் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இருந்த மற்ற பிள்ளைகளில் பாதிப்பேர் மனுவே போடவில்லை. பிள்ளைகள் மக்குகள் என்பதால் இல்லை. சில வீட்டில் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். தாத்தாவுக்கு ஓ.டி.பி. என்றால் என்னவென்று தெரியவில்லை. கையெழுத்துச் சான்று கடைசி நாள்வரை தகரப் பெட்டியில் கிடந்தது. தெரிந்த சில வீடுகளுக்கு டீச்சரம்மாவும் நானுமாக ஏற்றிக்கொடுத்தோம்.

தேர்வு 2025 ஜனவரி 18, சனிக்கிழமை. சங்கராந்தி முடிந்து நாலாம் நாள். போகி, பொங்கல், மாட்டுப்பொங்கல் என்று ஊரே தெருவில் நிற்கும்போது ஒரு பிள்ளையை மாதிரித் தேர்வுக்கு உட்கார்த்த எனக்கு மனசு வரவில்லை. மூன்று நாளும் புத்தகத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா பயந்தாள். மாட்டுக் கொம்புக்குப் பெயின்ட் அடித்ததும் சாணியில் கால் வழுக்கியதுமாகப் பாப்பா பண்டிகை கொண்டாடினாள். பதினாறாம் தேதி சாயங்காலம் அவளாகவே ஓ.எம்.ஆர். தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தத் தாளின் ஜெராக்ஸ் நிறைய வைத்திருந்தேன். சரியான விடை தெரிந்தும் வட்டத்தை முழுக்கக் கருப்பாக்குவதில் அவள் அரை நிமிஷம் செலவழிப்பாள், கோலத்துக்குக் காவி இடுகிற பொறுமை. 80 வட்டத்துக்கு 40 நிமிஷம் அதிலேயே போய்விடும். நாலு சுழி, அப்புறம் கையை எடு என்று பழக்கினோம். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் இப்படித்தான் கிராமத்துப் பிள்ளைகள் நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

சித்தூரில் ஒதுக்கிய மையத்தில் காலை பதினொன்றரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிந்தது. வெளியே புளியமரத்தடியில் பெற்றோர் கூட்டம். திருப்பதியிலிருந்து பயிற்சி மையத்து வேன் ஒன்று வந்திருந்தது. வெளியே வந்த பாப்பா முதலில் தண்ணீர் கேட்டாள், அப்புறம், "மாமா, அவன் வந்திருந்தா எல்லாப் படமும் போட்டிருப்பான்" என்றாள்.

அவனுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு. நம் பக்கத்தில் கலிகிரியில் 2014-ல் சைனிக் பள்ளி வந்தது. தமிழ்நாட்டில் உடுமலை பக்கம் அமராவதிநகரில் 1962 முதல் இருக்கிறது. இந்தத் தேர்வுக்கு ஐந்தாம் வகுப்பை எந்த மாவட்டத்தில் படித்தான் என்பது தடையில்லை. ஆறாம் வகுப்புத் தேர்வை 13 மொழிகளில் எழுதலாம், அதில் தமிழும் ஒன்று. எல்லைப்பக்கத்துத் தமிழ்ப் பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 2025 தேர்வுக்குப் பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் கட்டணம் 800 ரூபாயாக இருந்தது, எஸ்.சி., எஸ்.டி.க்கு 650. இரண்டு பிள்ளைகளுக்கும் மனுப் போட்டோம். ஆனால் இதன் பாடத்திட்டம் வேறு. 125 கேள்வி, 300 மதிப்பெண், அதில் கணக்கு மட்டுமே 150. நுண்ணறிவுக்கு 50. பொது அறிவுக்கு 50. பையன் எதில் கெட்டிக்காரனோ அதற்கு இங்கே ஆறில் ஒரு பங்குதான் மதிப்பு. பேப்பர் வராத, பாட்டுக்கும் சீரியலுக்கும் மட்டும் டிவி ஓடுகிற வீட்டில் பொது அறிவு எங்கிருந்து வரும்? ஜனவரியில் தொடங்கி மூன்று மாதத்தில் ஓட்டமாக ஓடினோம்.

மார்ச் கடைசி வாரத்தில் நவோதயா முடிவு வந்தது. ரோல் நம்பரையும் பிறந்த தேதியையும் தட்டியபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பாப்பாவுக்கு இடம் கிடைத்தது. அக்கா வீட்டுக்காரர் வேலையிடத்திலிருந்து சிமென்ட் கையோடு ஓடிவந்தார். காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். நான் எதிர்வீட்டைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பையனே வந்து பாப்பாவின் கையில் ஒரு மாங்காயை வைத்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 5 சைனிக் தேர்வு. பாப்பாவுக்குத் திருப்பதி மையம். கட்டின பணம் வீணாகவேண்டாம் என்று கூட்டிப்போனேன். மத்தியானம் இரண்டு முதல் நாலரை, வெளியே தார் உருகுகிற வெயில். பையன் அப்பாவோடு தமிழ்நாட்டுப் பக்கத்து மையத்துக்குப் போய்த் தமிழில் எழுதினான். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே தேர்வை இரண்டு மாநிலத்தில், இரண்டு மொழியில் எழுதினார்கள். முடிவு வந்தபோது அவன் தேர்ச்சி மதிப்பெண் வாங்கியிருந்தான். நுண்ணறிவில் அள்ளியிருந்தான். இடம் கிடைக்கும் அளவுக்கு ரேங்க் இல்லை. பொது அறிவு இழுத்துவிட்டது.

பாப்பாவை வலசப்பள்ளியில் கொண்டுபோய்விட பலமநேர், புங்கனூர் வழியாகப் போனோம். டிரங்குப் பெட்டி, வாளி, தட்டு, ஆயா கட்டிக்கொடுத்த முறுக்கு. அவள் அழவில்லை, அக்காதான் அழுதாள். அறையில் இருந்த இன்னொரு பெண்பிள்ளை குப்பத்துப் பக்கம், வீட்டில் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் இருவரும் எங்களை மறந்துவிட்டார்கள்.

பையன் இப்போது அதே தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஆறாம் வகுப்பில். அவனுக்கு வழி அடைபடவில்லை. எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. அதில் 180 கேள்வியில் 90 மனத்திறன்தான். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். எட்டாம் வகுப்பைச் சித்தூர்ப் பக்கத்துப் பள்ளியில் படித்தால் நவோதயாவின் ஒன்பதாம் வகுப்பு நேரடித் தேர்வுக்கும் மனுப் போடலாம், அதற்கு இங்கிலீஷும் ஹிந்தியும் வேண்டும். இதையெல்லாம் அவன் அப்பாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். லோடு ஆட்டோ சீட்டுக்கு மேல் செருகி வைத்திருக்கிறார். வாரத்தில் சில சாயங்காலம் அவன் என்னோடு உட்காருகிறான். இப்போது பொது அறிவுக்காகவும் பேப்பர் படிக்கிறோம்.

நகரி, புத்தூர், சத்தியவேடு, குடிபாலா, குப்பம் பக்கம் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்குச் சொல்கிறேன். நவோதயா வேண்டுமென்றால் முடிவு எடுக்கவேண்டியது ஐந்தாம் வகுப்பில் இல்லை, மூன்றாம் வகுப்பில். பிள்ளை எந்தப் பக்கத்துப் பள்ளியில், எந்த மாவட்டத்தில் படிக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள். எல்லை தாண்டிப் படிக்கிற பிள்ளை என்றால் சைனிக் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதை நினைவில் வையுங்கள், பொது அறிவை நாலாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, ஜூலை மாதம் உங்கள் ஊர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, எத்தனை பேருக்கு மனு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஏறாதவர்களுக்கு ஏற்றிக்கொடுங்கள். பிறகு சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள்.